டிசைன் கோப்பு யாருக்கு உரியது? கிள்ளான் பள்ளத்தாக்கின் சிறு அணிகலன் வணிகத்தில் ஒரு பழைய கேள்வி

ஒரு தோட்டையோ பதக்கத்தையோ செய்யச் சொல்லிக் காசு கொடுத்தவருக்கு அந்தப் பொருள் சொந்தம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதைச் செய்வதற்காக வரைந்த வரைவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு மட்டும் முந்நூறு ஆண்டுகளாக ஒன்றோடொன்று ஒட்டாத விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. முன்பு அந்த வரைவு காகிதத்திலோ செப்புத் தகட்டிலோ துளையிட்ட அட்டையிலோ இருந்தது. அதைப் படியெடுக்க நாளும் செலவும் பிடித்தன. இப்போது அது சில நூறு கிலோபைட் அளவுள்ள கோப்பு. வாட்ஸ்அப்பில் ஒரு நொடியில் போய்விடும். போனால் திரும்பி வராது.

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இக்கேள்வியை அடிக்கடி எதிர்கொள்பவர்கள் பெரிய நகைக்கடைக்காரர்கள் அல்லர். அக்ரிலிக் ஜிமிக்கி, தமிழில் பெயர் வெட்டிய சங்கிலிப் பதக்கம், பட்டுநூல் வளையல், தைப்பூசத்துக்கான வேல் பதக்கம், திருமண விருந்தினருக்கு டோர் கிஃப்டாகக் கொடுக்கும் சாவிக்கொத்து ஆகியவற்றை வீட்டிலிருந்தே செய்து விற்கும் சிறு விற்பனையாளர்களே அவர்கள். இன்ஸ்டகிராம், டிக்டாக், ஷோப்பி வழியாகவும், தீபாவளிக்கு முன் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் களைகட்டும் சந்தைகளிலும் அவர்களின் வியாபாரம் நடக்கிறது. சொந்தமாக லேசர் இயந்திரம் இல்லாதவர்கள் கோப்பை வெட்டும் கடைக்கு அனுப்பி, வெட்டிய துண்டுகளை வாங்கிவந்து, கொக்கி மாட்டி முடிக்கிறார்கள். இயந்திரமும் கடையும் இல்லாதவரிடம் மிஞ்சும் முதல் அந்தக் கோப்புதான். "டிசைன் ஃபைலையும் சேர்த்து அனுப்பிடுங்கக்கா" என்ற கோரிக்கைக்கு என்ன பதில் சொல்வது என்பது, ஆகவே, சட்ட நுணுக்கம் மட்டுமன்று, பிழைப்பைப் பற்றியதும்கூட.

கேட்பவர் உண்மையில் எதைக் கேட்கிறார்

ஒரே சொற்களில் வரும் கோரிக்கைக்குப் பின்னால் வெவ்வேறு தேவைகள் இருக்கின்றன. வெட்டுவதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்க விரும்புபவர் உண்டு. அவருக்கு வேண்டியது ஒரு படம் மட்டுமே. திருமண அழைப்பிதழ், மேடைப் பதாகை, கேக்கின் மேல் நிறுத்தும் பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் அதே மயிலும் அதே எழுத்தும் வரவேண்டும் என நினைப்பவர் உண்டு. அவருக்குப் பெரிதாக்கினாலும் சிதையாத வரைவு வேண்டும். அடுத்த ஆண்டு இந்த விற்பனையாளர் தொழிலில் இருப்பாரோ இல்லையோ என்ற அச்சத்தில் கேட்பவரும் உண்டு. வீட்டுத்தொழில்கள் சத்தமின்றி நின்றுபோவது வழக்கம் என்பதால் அந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. மீதமுள்ளவர்களில் ஒரு பகுதியினர், இன்னும் மலிவாக வெட்டித்தரும் வேறோர் இடம் கண்டவர்கள். மற்றொரு பகுதியினர் தாங்களே விற்க எண்ணுபவர்கள்.

இவர்கள் அனைவருக்கும் ஒரே பதில் தருவதுதான் இத்துறையில் காணப்படும் முதல் குறை. 'கோப்பு' என்பதும் ஒரே பொருளன்று. ஒப்புதலுக்கான ஜேபெக் படத்தை வைத்து இயந்திரத்தில் எதையும் நேரடியாக வெட்ட முடியாது. எஸ்விஜி, டிஎக்ஸ்எஃப் போன்ற கோட்டு வரைவுகளை வைத்து வெட்டலாம். அவற்றிலும் உடனே வெட்டத்தக்க நிலையில் உள்ளது, பின்னர் மாற்றித் திருத்தத்தக்க நிலையில் உள்ளது என இருவகை உண்டு. இரண்டாவதைக் கொடுப்பது ஒரு தோட்டின் வரைவைக் கொடுப்பதோடு நிற்பதில்லை. அதிலிருந்து நூறு தோடுகளை உருவாக்கும் வழியையும் கொடுப்பதாகிறது.

தொழில்நுட்பமும் இங்கே குறுக்கிடுகிறது. லேசர் கதிர் பொருளைச் சிறிது எரித்தே வெட்டுகிறது. அந்த இழப்பு இயந்திரத்துக்கு இயந்திரம், தகட்டின் தடிப்புக்குத் தடிப்பு மாறும். மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக்குக்கு ஒரு கடையில் சரிபார்த்த இணைப்பு வேறு கடையில் தளர்ந்துபோகலாம். முப்பரிமாண அச்சில் பயன்படும் எஸ்டிஎல் கோப்பில் அளவின் அலகே இருப்பதில்லை. 20 என்ற எண்ணை மில்லிமீட்டர் என்று படிப்பதா, அங்குலம் என்று படிப்பதா என்பது திறக்கும் மென்பொருளைப் பொறுத்தது. தையல் இயந்திரத்துக்கான டிஎஸ்டி கோப்பு உருவத்தின் விளிம்பைச் சேமிப்பதில்லை, ஊசி விழும் புள்ளிகளையே சேமிக்கிறது. அதைப் பெரிதாக்கினால் தையலின் நெருக்கம் கெட்டுவிடும். ஆகவே கோப்பைப் பெற்றவர் வேறிடத்தில் கொடுத்துப் பொருள் பாழானால், பழி முதலில் வரைந்தவர் மேல் விழுகிறது.

தமிழ்ப் பெயர்ப் பதக்கம் இதற்கு மிகத் தெளிவான சான்று. மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் நிற்கும். அப்படியே வெட்டினால் கீழே விழுந்துவிடும். 'கோ' போன்ற எழுத்து மூன்று தனித் துண்டுகளாக வரும். புள்ளியை எங்கே பாலமிட்டுச் சேர்ப்பது, கொம்பையும் காலையும் எப்படி ஒட்டவைப்பது, ஒட்டியபின் பெயர் படிக்கத்தக்கதாக இருக்கிறதா என்பதையெல்லாம் ஒவ்வொரு பெயருக்கும் புதிதாகத் தீர்க்கவேண்டும். வாங்குபவர் கண்ணுக்கு அது எழுத்துரு தேர்ந்து பெயரைத் தட்டியது போலவே தெரிகிறது. கோப்பின் விலை பற்றிய பெரும்பாலான மனக்கசப்பு இந்தக் கண்ணுக்குத் தெரியாத உழைப்பிலிருந்தே தொடங்குகிறது.

அட்டை, தகடு, அச்சு: கேள்வியின் வரலாறு

வரைவைத் தனிச் சொத்தாகப் பார்க்கும் எண்ணம் துணித்தொழிலில் பிறந்தது. பிரான்சின் லியோன் நகரப் பட்டு நெசவில், டிசைன்களை வெளியாருக்குக் கொடுப்பதைத் தடுக்கும் ஆணை 1711இல் வந்தது. பிரிட்டனில் 1787ஆம் ஆண்டுச் சட்டம் லினன், பருத்தி, மஸ்லின் துணிகளில் புதிய டிசைன் அச்சடித்தவருக்கு இரண்டே மாதப் பாதுகாப்பு தந்தது. 1794இல் அது மூன்று மாதமானது. சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சுத்துணிகளைப் பார்த்துப் படியெடுத்து வளர்ந்த ஒரு தொழில், தன் படிகளை மற்றவர் படியெடுக்கக்கூடாது என்று சட்டம் கேட்டது இந்த வரலாற்றில் மறக்கக்கூடாத செய்தி. 1839இலும் 1842இலும் பிரிட்டன் பதிவுமுறையைக் கொண்டுவந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாக்கார்ட் தறியின் துளையட்டை வந்தபோது வரைவு தறியில் அப்படியே மாட்டத்தக்க பண்டமாயிற்று. அட்டைக்கட்டு இருந்தால் அதற்கேற்ற எந்தத் தறியிலும் அதே பூவை நெய்யலாம். காஞ்சிபுரம் வரை இம்முறை பரவியது. இன்றைய கோப்புக்கு நேரடி மூதாதை அந்த அட்டைக்கட்டே.

தமிழ்ப் பொற்கொல்லர் பட்டறையில் ஏற்பாடு வேறு. வாடிக்கையாளர் பொன்னையோ பணத்தையோ கொடுப்பார். பெரும்பாலும் மாதிரியையும் அவரே கொண்டுவருவார், பாட்டியின் பழைய தோடாகவோ பத்திரிகையில் வந்த படமாகவோ. ஆசாரி கூலியும் சேதாரமும் பெறுவார். தகட்டை அடிக்கும் அச்சு பட்டறையிலேயே தங்கிவிடும். அச்சு யாருடையது என்று கேட்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, ஏனெனில் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வாடிக்கையாளருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கருவி இல்லாதவருக்கு அச்சு பயன்படாது என்ற அந்த இயல்பான வேலி இப்போது விழுந்துவிட்டது. வெட்டும் கடைகள் யாருக்கும் வெட்டித்தருகின்றன.

முதல் நிலைப்பாடு: காசு கொடுத்தவருக்கே

செய்யச் சொன்னவர் விலையைக் கொடுத்துவிட்டார், ஆகவே வரைவும் அவருடையது என்பது வாடிக்கையாளர்களிடம் பரவலாக உள்ள எண்ணம். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே, விலைகொடுத்துச் செய்வித்த புகைப்படம், உருவப்படம், செதுக்குப்படம் ஆகியவற்றின் முதல் உரிமையைச் செய்வித்தவருக்குத் தந்தது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவிலும் புகைப்படம், ஓவியம், உருவப்படம் போன்ற சிலவற்றுக்கு அவ்விதி இருக்கிறது.

மலேசியா இதைவிடத் தொலைவு போகிறது. பதிப்புரிமைச் சட்டம் 1987இன் 26ஆம் பிரிவின்படி, வேலையளிப்பவர் அல்லாத ஒருவர் ஒரு படைப்பைச் செய்யச் சொல்லிச் செய்வித்தால், அதன் பதிப்புரிமை செய்வித்தவருக்கு மாற்றப்பட்டதாகவே கருதப்படும். இருவருக்கும் இடையில் அதை விலக்கும் அல்லது குறுக்கும் உடன்பாடு இருந்தால் மட்டும் விலக்கு. இது புகைப்படம், உருவப்படம் என்று நிற்கவில்லை. தொழில்துறை வடிவமைப்புச் சட்டம் 1996இன் 10ஆம் பிரிவும், பணத்துக்காகச் செய்வித்த வடிவமைப்பின் உரிமையாளராகச் செய்வித்தவரையே, மாற்று உடன்பாடு இல்லாதபோது, காண்கிறது. ஆகவே 'வரைந்தது நான், ஆகவே எனதே' என்று நம்பிப் பேசாமல் இருக்கும் மலேசிய விற்பனையாளர் தம் உரிமையைப் பேசாமலே இழந்திருக்கக்கூடும். வெளிநாட்டு விற்பனையாளர்களின் அறிவுரைகளைப் படித்து, அங்குள்ள விதியே இங்கும் என்று எண்ணுவது இந்த இடத்தில்தான் ஆபத்தாகிறது.

ஆனாலும் இந்நிலைப்பாட்டுக்கு எல்லைகள் உண்டு. கடையில் ஏற்கெனவே இருக்கும் டிசைனில் நிறத்தை மட்டும் மாற்றி வாங்கியவர் எதையும் 'செய்விக்க'வில்லை. ஆயத்தப் பொருளை வாங்கியவருக்குப் பொருளோடு பதிப்புரிமை போவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் கிடக்கும் பரப்பே பெரிது: விற்பனையாளரின் பழைய மயில், வாடிக்கையாளரின் பெயர், புதிதாக வரைந்த கொடி. மயில் முன்பே இருந்தது என்பதால் அது விற்பனையாளரிடமே நிற்கும் என்று வாதிடலாம். கொடி செய்வித்தவருக்குப் போகலாம். எல்லாம் ஒரே கோப்பில் அடங்கியிருக்கின்றன. மேலும், பதிப்புரிமை ஒருவருக்கு மாறியது என்பதால், விற்பனையாளரின் கணினியில் உள்ள கோப்பை எடுத்துக்கொடுக்கும் கடமையும் தானே பிறந்துவிடுகிறது என்று சட்டத்தின் சொற்கள் நேராகச் சொல்வதில்லை. உரிமை ஒன்று, ஒப்படைப்பு மற்றொன்று. ஒப்படைப்பை ஒப்பந்தத்தில்தான் தேடவேண்டும்.

இரண்டாம் நிலைப்பாடு: வரைந்தவருக்கே

படைப்பு படைத்தவரின் ஆளுமையிலிருந்து வருவது, ஆகவே விற்றாலும் அவரிடமிருந்து முழுவதும் பிரியாது என்ற எண்ணம் பிரெஞ்சு மரபில் வலுவானது. சட்டங்களின் அண்மைக்காலப் போக்கும் பெரும்பாலும் இத்திசையில்தான். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் செய்வித்தவரின் பதிப்புரிமையைக் கைவிட்டது. 2014இல் பதிவு செய்யாத வடிவமைப்புரிமையும் வடிவமைத்தவருக்கே என்று மாறியது. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், செய்வித்த புகைப்படத்துக்கும் உருவப்படத்துக்கும் இருந்த பழைய விதியை நீக்கி, படைத்தவரையே முதல் உரிமையாளராக்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் ஒரு சிற்ப வழக்கில், காசு கொடுத்துச் செய்வித்ததாலேயே செய்வித்தவர் உரிமையாளராகிவிட மாட்டார் என்று தீர்ப்பளித்தது.

மலேசியச் சட்டத்திலும் இதற்குச் சிறு இடம் உண்டு. பதிப்புரிமை மாறினாலும், 25ஆம் பிரிவு தரும் தார்மிக உரிமைகள், அதாவது படைப்பில் தம் பெயர் காட்டப்படுவது, மதிப்பைக் கெடுக்கும் விதமாகப் படைப்பு சிதைக்கப்படாதிருப்பது போன்றவை, படைத்தவரிடம் நிற்கின்றன.

இந்நிலைப்பாட்டின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. விற்பனையாளர் 'என் டிசைன்' என்று சொல்வதில் எவ்வளவு அவருடையது? மாங்காய் வடிவம், ஜிமிக்கியின் குடை, வேல், கோலத்தின் புள்ளிக்கட்டு எல்லாம் பொதுச்சொத்து. பத்துமலையில் 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலையின் உருவத்தைப் பதக்கத்தில் வரைபவர்கூட, பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நிலையாக உள்ள கலைப்படைப்பைப் படியெடுக்கச் சட்டம் தரும் விலக்கை நம்பியே வரைகிறார். சட்டம் புதுமையைக் கேட்கவில்லை, போதிய முயற்சியையே கேட்கிறது என்பது உண்மை. ஆனால் பாதுகாப்பு அந்த முயற்சி சேர்த்த பகுதிக்கு மட்டுமே. ஒரு வேலின் உருவைச் சற்று மெலிதாக வரைந்தவர் வேலுக்கு உரிமை கொண்டாட முடியாது.

இன்னொரு செய்தி இருபக்கமும் அரிதாகவே அறியப்படுகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 13ஏ பிரிவின்படி, கலைப்படைப்பு அல்லாத ஒரு பொருளுக்கான வடிவமைப்பு ஆவணத்தைப் பின்பற்றிப் பொருளைச் செய்வதும், அவ்வாறு செய்த பொருளைப் பார்த்துச் செய்வதும் ஆவணத்தின் பதிப்புரிமையை மீறியதாகாது. கணினியில் சேமித்த தரவும் அந்த 'ஆவணத்தில்' அடங்கும். மேற்பரப்பு அலங்காரம் மட்டும் இவ்விதிக்குள் வராது. இதன் விளைவு கவனத்துக்குரியது. கோப்பை அனுமதியின்றிப் படியெடுப்பது மீறலாக இருக்கலாம். ஆனால் தோட்டை வாங்கி மேசைமேல் வைத்து, அதன் புறவடிவத்தை அளந்து புதிதாக வரைந்து வெட்டுவது மீறலாகாமல் போகலாம். அந்தத் தோடே கலைநயமிக்க கைவினைப் படைப்பு என்று நிறுவினால் நிலைமை மாறும். எது அத்தகைய படைப்பு என்பதில் பிரிட்டனின் பிரபுக்கள் அவை 1970களில் ஒரு நாற்காலித்தொகுதி வழக்கில் ஒருமித்த அளவுகோலைத் தரமுடியாமல் பல கருத்துகளாகப் பிரிந்தது.

வடிவத்துக்கு உறுதியான காவல் வேண்டுமானால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தொழில்துறை வடிவமைப்பாகப் பதிவு செய்யலாம். முதலில் ஐந்தாண்டு, பின் நீட்டித்து 25 ஆண்டு வரை பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் அது புதிய வடிவமாக இருக்கவேண்டும். 2013ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உலகில் எங்கும் வெளியாகாததாக இருக்கவேண்டும். முதலில் இன்ஸ்டகிராமில் போட்டு, ஓடுகிறதா என்று பார்த்து, பிறகு அடுத்ததைச் செய்யும் சிறுவணிகத்தின் நடைக்கு இது பொருந்துவதில்லை. ஒரு தீபாவளிக்கு ஓடும் டிசைன் அடுத்த தீபாவளிக்கு ஓடாது என்னும்போது பதிவுச் செலவையும் நியாயப்படுத்துவது கடினம்.

மூன்றாம் நிலைப்பாடு: பொருள் வேறு, கோப்பு வேறு

தோட்டுக்கு ஒரு விலை, கோப்புக்கு வேறு விலை என்பது இதன் சாரம். பழைய அச்சுக்கூடங்களிலும் விளம்பரத் துறையிலும் முடிந்த வேலைக்கும் வேலைக்கோப்புக்கும் தனித்தனிக் கட்டணம் வாங்கும் வழக்கம் இருந்தது. வார்ப்புத் தொழிலில் அச்சின் முழுச்செலவையும் கொடுத்தவருக்கே அச்சு என்பதும் இதே கணக்கு. 2005இல் தொடங்கிய எட்ஸி போன்ற இணையச் சந்தைகளில் பொருள் இல்லாமல் கோப்பை மட்டும் விற்பதே ஒரு தொழிலாயிற்று. அங்கே 'சொந்தப் பயன்பாட்டுக்கு', 'விற்பனைக்கு' என இரு உரிமங்கள் சாதாரணம்.

இதுவரை பார்த்த மூன்றில் இதுவே மலேசியச் சட்டத்தோடு எளிதில் இணங்குவது. உடன்பாட்டால் விலக்கலாம் என்று 26ஆம் பிரிவே வாசல் திறந்து வைத்திருக்கிறது. ஆர்டர் எடுக்கும்போது, முன்பணம் வாங்குவதற்கு முன், 'விலை பொருளுக்கு மட்டும். வரைவின் உரிமையும் கோப்பும் விற்பனையாளரிடமே. கோப்பு வேண்டுமானால் தனிக்கட்டணம்' என்று இரண்டு வரி அனுப்பி, வாடிக்கையாளர் 'சரி' என்று பதில் எழுதினால், அது வாட்ஸ்அப்பில் இருந்தாலும் எழுத்தாகவே எண்ணப்பட இடமுண்டு. பின்னால் எடுத்துப் பார்க்கத்தக்க மின்செய்தி எழுத்துத் தேவையை நிறைவேற்றும் என்று மின்வணிகச் சட்டம் 2006 கூறுகிறது. கோப்பை விற்கும்போதும் எழுத்து வேண்டும். உரிமை மாற்றமும் உரிமமும் எழுத்தில் இருந்தாலே செல்லும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. எத்தனை படிகள், விற்பனைக்கா சொந்தத்துக்கா, வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்பவை அதில் இருக்கவேண்டும்.

நேரமே இங்கு முக்கியம். பணம் வாங்கி, பொருள் கொடுத்து, வாடிக்கையாளர் கோப்பு கேட்ட பிறகு சொல்லும் விதி உடன்பாடு ஆகாது. அது மறுப்பு மட்டுமே. அந்நிலையில் 26ஆம் பிரிவு வாடிக்கையாளர் பக்கமே சாயக்கூடும். இச்செய்தி சிறு விற்பனையாளர்களிடம் போதிய அளவு பரவாமலிருப்பது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் இதற்கு வழக்கறிஞர் செலவு தேவையில்லை. விலைச்சீட்டில் இரண்டு வரி போதும்.

பலவீனம் உரிமத்தின் கண்காணிப்பில் இருக்கிறது. 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று விற்ற கோப்பு எந்தச் சந்தையில் எந்தப் பெயரில் வெளியாகும் என்று ஒற்றை ஆள் வணிகம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விலை நிர்ணயமும் சிக்கலானது. மணிக்கணக்கில் போட்டால் வாடிக்கையாளர் மலைப்பார். குறைத்துப் போட்டால் இனி வரவேண்டிய மறு ஆர்டர்களையெல்லாம் சேர்த்து விற்றதாகும். இழக்கப்போகும் மறு ஆர்டர்களை எண்ணி விலை வைப்பது ஒரு வழி. எண்ணிப் பார்க்க வழியில்லாதபோது, திருத்தத்தக்க கோப்பைத் தராமல், ஒரே அளவில், எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிய, வெட்டத்தக்க கோப்பை மட்டும் தருவது இடைவழி.

நான்காம் நிலைப்பாடு: கொடுத்துவிடலாம்

கோப்பைப் பூட்டிவைப்பதால் வரும் நன்மையைவிடப் பகிர்வதால் வரும் நன்மை பெரிது என்பவர்களும் உண்டு. 2002இல் வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களும், முப்பரிமாண அச்சுக் கோப்புகளைப் பகிர 2008இல் தொடங்கிய திங்கிவர்ஸ் தளமும் இக்கருத்தின் அடையாளங்கள். கோலத்தைப் பார்த்துப் போடுவதையும் மாதிரியைக் கேட்டு வாங்குவதையும் களவாக எண்ணாத சமூகத்தில் இதற்கு இயல்பான வரவேற்பு இருக்கிறது. ஒருவர் கோப்பைத் தந்தால் அவர் மேல் நம்பிக்கை வளரும், அந்த வாடிக்கையாளர் தங்கையின் திருமணத்துக்கும் அவரையே தேடி வருவார் என்ற வாதத்தில் உண்மை உண்டு.

ஆனால் இது தாங்கும் சக்தி உள்ளவருக்கான வழி. பல டிசைன்களும் வேறு வருமானமும் உடையவர் ஒன்றைக் கொடுத்தால் குறையாது. மூன்றே டிசைன்களில் ஒரு பருவத்தை ஓட்டுபவருக்கு அதே செயல் வேறு விலையில் முடிகிறது.

கோப்புக்குள் இருக்கும் பிறர் சொத்து

மேலே சொன்ன நான்கு நிலைப்பாடுகளும் ஒரு பொதுத் தவறைச் செய்கின்றன. கோப்பை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான சொத்தாக மட்டுமே பார்க்கின்றன. நடைமுறையில் ஒரு கோப்பில் பலர் இருக்கிறார்கள்.

வாடிக்கையாளர் அனுப்பிய குழந்தையின் படமோ நிறுவனச் சின்னமோ அவர் பக்கத்தது. அதை மறுநாள் வேறொருவரின் சாவிக்கொத்தில் பயன்படுத்த விற்பனையாளருக்கு இடமில்லை. எழுத்துரு வேறொருவருடையது. நோட்டோ, பாலூ தம்பி போன்ற திறந்த உரிமத் தமிழ் எழுத்துருக்களில் சிக்கல் குறைவு. விலைக்கு வாங்கிய எழுத்துருக் கோப்பைச் சேர்த்து அனுப்பினால் அது விற்பனையாளரின் உரிமத்துக்கு வெளியே போகக்கூடும். கேன்வா போன்ற தளங்களிலும் கோப்புச் சந்தைகளிலும் எடுத்த பூவையும் மயிலையும் முடிந்த பொருளில் பயன்படுத்த அனுமதி இருக்கலாம், தனியே பிரித்தெடுக்கத்தக்க நிலையில் மற்றவருக்குக் கொடுக்க அனுமதி பொதுவாக இருக்காது. இங்கே 'தரமாட்டேன்' என்பது பிடிவாதமல்ல. தருவதற்கு அவருக்கு உரிமை இல்லை. அதை வாடிக்கையாளருக்கு அப்படியே சொல்லிவிடுவது நேர்மையும் பாதுகாப்பும் ஆகும்.

திரைநட்சத்திரங்களின் முகமும் படப்பெயரின் எழுத்தும் வெட்டிய தோடுகள் புதுப்பட வெளியீட்டு வாரங்களில் நன்றாக விற்கின்றன. அவற்றின் கோப்பைக் கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே, அதைச் செய்ததே சரியா என்ற கேள்வி நிற்கிறது. கோப்பைப் பரப்பினால் ஒருவரின் மீறல் பலரின் மீறலாகிறது.

பிணக்கு வந்தால்

ஐம்பது ரிங்கிட் ஆர்டருக்கு நீதிமன்றம் போவார் எவருமில்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 அமைத்த பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கைகளை மிகக் குறைந்த செலவில் விசாரிக்கிறது. ஆனால் அறிவுசார் சொத்துப் பிணக்குகள் அதன் அதிகார எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. பொருள் சொன்னபடி வரவில்லை என்று அங்கே போகலாம். வரைவு யாருடையது என்று தீர்த்துக்கொள்ள முடியாது. அதற்குரிய சிறப்பு நீதிமன்றங்கள் 2007 முதல் இருந்தாலும் அவற்றின் செலவு இந்த அளவிலான வணிகத்துக்கு எட்டாதது. ஆகவே சிறு அணிகலன் வணிகத்தில் இப்பிணக்குகள் பெரும்பாலும் தீர்ப்பின்றியே முடிகின்றன, ஒரு மோசமான விமர்சனத்திலோ இழந்த வாடிக்கையாளரிடமோ. சட்டத்தைவிட முன்கூட்டிய பேச்சு இங்கே அதிக எடை பெறுவதற்கு இதுவே காரணம்.

பெரும்பாலான கோரிக்கைகள் அந்தப் பேச்சிலேயே அடங்கிவிடக்கூடியவை. பிழை பார்க்கக் கேட்பவருக்கு நீர்க்குறியிட்ட படம் போதும். அழைப்பிதழுக்குக் கேட்பவருக்கு அச்சுக்கான பிடிஎஃப் கொடுத்தால் தோடு வெட்டும் வரைவு வெளியே போவதில்லை. விற்பனையாளர் தொழிலை விட்டுவிடுவாரோ என்று அஞ்சுபவரிடம், கோப்பை இன்ன காலம் வைத்திருப்பேன், தொழிலை நிறுத்தினால் இன்ன கட்டணத்துக்குத் தருவேன் என்று எழுதிக்கொடுக்கலாம். இந்தக் கடைசி வகை இன்னும் பழக்கத்தில் பெரிதாக இல்லை, இருக்கவேண்டியது. தாமே விற்க எண்ணுபவரிடம் மட்டுமே உரிமம் பற்றிய முழுப்பேச்சு தேவைப்படுகிறது.

தீராமல் நிற்பவை

சில கேள்விகளுக்கு உறுதியான விடை இல்லை. தனியாளுக்குச் செய்யும் பெயர்ப் பதக்கம் 13ஏ பிரிவுக்குள் அடங்கும் சாதாரணப் பொருளா, அதற்கு வெளியே நிற்கும் கைவினைக் கலைப்படைப்பா என்பது ஒவ்வொரு பொருளையும் பார்த்தே சொல்லக்கூடியது. எழுத்தின் வடிவம், பாலமிட்ட புள்ளி, அதைச் சுற்றிய கொடி ஆகிய மூன்றும் ஒரே பதக்கத்தில் மூன்று வகையாகக் கருதப்பட வாய்ப்புண்டு. 26ஆம் பிரிவு பதிப்புரிமையை மாற்றும்போது திருத்தத்தக்க கோப்பை ஒப்படைக்கும் கடமையும் உள்ளடங்கியதாகக் கொள்ளலாமா என்பதில் இருபக்க வாதமும் சாத்தியம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இதை மேலும் கலக்கியுள்ளன. சட்டம் படைப்பாளரை ஓர் ஆளாகவே கருதுகிறது. கருவியிடம் கேட்டு வாங்கிய மயிலில் பதிப்புரிமையே பிறக்கவில்லை என்றால், வாடிக்கையாளருக்கு மாறுவதற்கும் விற்பனையாளரிடம் நிற்பதற்கும் ஒன்றுமில்லை. மிஞ்சுவது கோப்பு யார் கையில் இருக்கிறது என்பது மட்டும். அந்த மயிலை வெட்டத்தக்கதாக்க ஒருவர் செய்த கோட்டு வேலைக்குத் தனி உரிமை உண்டா என்பது அடுத்த கேள்வி. உண்டு என்று வாதிட நியாயம் இருக்கிறது, குறிப்பாகத் தமிழ் எழுத்தோடு அதை இணைத்த இடங்களில்.

எல்லை கடந்த ஆர்டர்களும் அப்படியே. கிள்ளானில் வரைந்து சிங்கப்பூர் தேக்காவில் உள்ள ஒருவருக்கு அனுப்பும் பதக்கத்தில், இருவரும் எதுவும் பேசிக்கொள்ளாதபோது மலேசியச் சட்டம் செய்வித்தவரை நோக்கிச் சாய்கிறது. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் படைத்தவரை நோக்கிச் சாய்கிறது. எங்கே வரையப்பட்டது, பேச்சு எங்கே முடிந்தது, கோப்பு எங்கே பயன்படப்போகிறது என்பவை மூன்று வெவ்வேறு பதில்களுக்கு இட்டுச்செல்லலாம். ஜொகூர் பாலத்தைக் கடந்துபோகும் ஆர்டர்களுக்கு, உரிமை யாருடையது என்பதோடு எந்த நாட்டுச் சட்டப்படி என்பதையும் அதே விலைச்சீட்டில் எழுதிவைப்பதே இப்போதைக்குக் கையில் உள்ள வழி.